ஏழாம் நம்பர் வீட்டுப் பெரியத்தை

பதினோரு வருஷமாக வெறும் குரலாக மட்டுமே இருந்த ஒரு குடும்பம், வானொலியைக் காலி செய்துவிட்டுத் தொலைக்காட்சிக்குக் குடிபோன வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, ஆவுடைப்பேரிப் பேரூராட்சிப் பூங்காவில் புல்தரையிலும் சிமெண்டுப் பெஞ்சிலும் காம்பவுண்டுச் சுவரிலுமாக முந்நூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் ஒரே பெட்டியில், ஒரே நேரத்தில், முந்நூற்றுச் சொச்சம் சாரதாக்கள் தெரிந்தார்கள்.

முதலில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. அவரவருக்குத் தெரிந்த சாரதா சரியான சாரதாவாக இருந்ததால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. செவ்வாயும் வெள்ளியும் பூங்காவின் கூம்பு ஒலிபெருக்கி வழியாக, சாரதா கதாநாயகியான 'ஏழாம் நம்பர் வீடு' நாடகத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த ஊர் அது. வானொலி நிலையம் குரலை அனுப்பும், முகத்தை அனுப்பாது. ஆகவே ஊர்க்காரர்கள் கைக்கு அகப்பட்ட முகங்களை எடுத்து அந்தக் குரல்களுக்கு மாட்டி, பதினோரு வருஷம் அழுக்குப் படியாமல் வைத்திருந்தார்கள். இப்போது பேரூராட்சி வாங்கிப் போட்ட கலர் டி.வி., நாம் கொடுத்த துணியிலேயே நமக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் தையல்காரரைப் போல, அவரவர் கொடுத்த முகத்தையே அவரவருக்குத் திருப்பிக் காட்டியது.

ஆனால் கால்மணி நேரம் கழித்து, நாடகத்தின் கொடுமைக்காரியான பெரியத்தை திரையில் வந்தபோது, முந்நூற்றுச் சொச்சம் தலைகளும் ஒரே நேரத்தில் பெட்டியை விட்டு விலகி, பெட்டிக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலி போட்டு, டி.வி. கூண்டின் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசியைப் பார்த்தன. பிறகு பெட்டியைப் பார்த்தன. பிறகு மறுபடியும் மங்கையர்க்கரசியைப் பார்த்தன. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மங்கையர்க்கரசிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பூங்கா ரேடியோ ஆபரேட்டராக இருந்த அவள் புருஷன், மழை நாளில் ஒலிபெருக்கிக் கம்பத்தில் ஏறி விழுந்து இறந்துபோனார். அந்த வேலையைக் கருணை அடிப்படையில் அவளுக்குக் கொடுத்தார்கள். நாடகம் வானொலியில் தொடங்கிய அதே மாதம் அவளும் ரேடியோ ரூமில் உட்கார்ந்தாள். மாலை ஆறு மணிக்குத் திறக்கவும், எட்டு மணிக்கு அடைக்கவும் என்று உத்தரவில் எழுதியிருந்தது. அவள் ஆறுக்குத் திறந்தாள், எட்டுக்கு அடைத்தாள். தேர்தல் முடிவு வந்த அன்று, ஜெயித்தவர் யார் என்று செய்தி வாசிப்பாளர் வாயெடுத்த நேரம் எட்டாகிவிட்டது; அவள் அடைத்துவிட்டாள். யாருக்கு மாலை போடுவது என்று தெரியாமல் ஊர் காலைப் பேப்பர் வரும்வரை மாலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தது. புல்லில் கடலைத்தொலி போட்டால் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வாள். செம்பருத்திச் செடிக்குப் பின்னால் ஜோடியாக உட்கார்ந்தால், பக்கத்தில் போய் நின்று ஒன்றும் சொல்லாமல் செடிக்குத் தண்ணீர் விடுவாள். ஆகவே ஒலிபெருக்கியிலிருந்து பெரியத்தையின் குரல் முதன்முதலாக வந்த அன்றே, ஊரில் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாமலேயே, எல்லோரும் அதற்கு ஒரே முகத்தை மாட்டினார்கள். இந்தக் குறும்பைத் தான் மட்டுமே செய்ததாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் அவளுக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. சனிக்கிழமை மாலை பூங்கா வாசலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அவளை வழிமறித்து, "நீ ஏன் சாரதாக்கா மருந்தக் கீழ ஊத்துன?" என்று கேட்டாள். சிறுமியின் அம்மா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மங்கையர்க்கரசி பக்கத்து வீட்டுக் கோமுவிடம் போனாள். கோமு தையல்காரி, தெருவிலேயே மங்கையர்க்கரசியோடு தைரியமாகப் பேசக்கூடிய ஒரே ஆள்.

"ஏ கோமு, ஊருக்கே கோட்டி புடிச்சிருக்கா? எல்லாரும் என்னய ஒரு மாதிரி பாக்காங்க."

கோமு வாயில் ஊசியை வைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தாள்.

"ஊசிய எடுத்துட்டுச் சொல்லு."

"யக்கா, கோவப்படக் கூடாது."

"அத நான் முடிவு பண்ணுதேன்."

"டி.வி.ல வார பெரியத்தை நீங்கதான்."

"நான் இங்க இருக்கேன்."

"அங்கயும் இருக்கீங்க. அந்த மூக்கு, அந்த வகிடு, கோவம் வந்தா கீழுதட்ட மடிக்கிறது, எல்லாம் அப்படியே இருக்கு. பச்சையில ஒரு பட்டு கட்டியிருந்தீங்க. ஒங்களுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

மங்கையர்க்கரசி செருப்பைத் தையல் மிஷின் மேல் வைத்தாள். "ஊருல சரி," என்றாள். "ஒனக்குமா?"

கோமு ஊசியை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மங்கையர்க்கரசி முதன்முறையாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு நாடகத்தைப் பார்த்தாள். பெரியத்தை வந்தாள். தடித்த, வெளுத்த, வலது தாடையில் மிளகு அளவு மச்சம் உள்ள, நாலைந்து நாள் தூக்கம் பாக்கியிருக்கிற மாதிரியான ஒரு பெண்பிள்ளை. மங்கையர்க்கரசி தன் வாழ்நாளில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. சாரதாவும் யாரோ ஒரு பெண். நல்லவரான டாக்டர் ரகுராமன் வழுக்கையை மறைத்துத் தலை வாரிய யாரோ ஒருவர். ஊரில் மற்ற எல்லோருக்கும் அவரவர் முகங்கள் தெரிய, அவளுக்கு மட்டும் நடிகர்களே தெரிந்தார்கள். கோமு இதற்கு ஒரு காரணம் சொன்னாள்: மற்றவர்கள் நாடகம் கேட்ட பதினோரு வருஷமும் அக்கா கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், குரல்களுக்கு முகம் மாட்ட அவளுக்கு நேரமில்லை. மங்கையர்க்கரசி மறுக்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று கீழுதட்டை ஒருதரம் மடித்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஊர் இதற்கெல்லாம் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. முதலில் பேரூராட்சித் தலைவர் சண்முகவேலாயுதம் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்; ஆன்டெனாவைச் சரியான திசைக்குத் திருப்பவும் என்று பதில் வந்தது. அதை நான்கு திசைக்கும் திருப்பினார்கள். ஒரு திசையில் இலங்கையிலிருந்து யாரோ சமையல் செய்தார்கள், மற்ற மூன்றிலும் ஊர்க்காரர்களே வந்தார்கள். பிறகு சண்டைகள் வந்தன. ஜவுளிக்கடை நடத்திய பங்காளிகள் இரண்டு பேர், ஆளுக்கு ஆள் மற்றவர் மனைவியின் முகத்தைச் சாரதாவுக்குக் கொடுத்திருந்தது தெரிந்து, கடைக்கு நடுவில் பலகை அடித்து இரண்டாக்கினார்கள். வீட்டில் மனைவிமார் இரண்டு பேரும் என்னவோ அதற்குப் பிறகுதான் கொஞ்சம் சந்தோஷமாக வளைய வந்தார்கள். தலைமையாசிரியரின் மனைவி டாக்டர் ரகுராமனுக்கு யார் முகத்தைக் கொடுத்திருந்தார் என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் தபால்தலை வாங்க வேலைக்காரியைத்தான் அனுப்பினார். பால்காரி ஒருத்திக்கு, பெரியம்மை கண்டு இறந்துபோன தங்கச்சிதான் சாரதா. அவள் வாரத்துக்கு இரண்டு நாள் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் போவாள். அவளுக்கு எல்லோரும் இடம் விட்டார்கள்.

இரண்டு மாதத்தில் ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. ஒருவரிடம் சம்பளத்தைக் கேட்கலாம், சொத்தைக் கேட்கலாம், வியாதியைக் கூடக் கேட்கலாம். 'உன் சாரதா யாரு' என்று கேட்கக் கூடாது. பெண் பார்க்க வந்த வீட்டில் மட்டும், காப்பி கொடுத்து முடிந்த பிறகு, பெண்ணின் சித்தப்பா மாப்பிள்ளையை வாசலுக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் கேட்டுக்கொள்வார். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு மருமகன் தனக்கு வெறும் நடிகர்கள் மட்டுமே தெரிந்ததாகச் சொன்னபோது, பாவம், ரேடியோ கேட்காமல் வளர்ந்த பையன் என்று அவனுக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டார்கள். ஏழாவது வார்டு மெம்பர் சுடலைமுத்து மட்டும் சமாதானம் ஆகவில்லை. டாக்டர் ரகுராமனாகத் தன்னைப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று அவர் வீடு வீடாக விசாரித்தார். ஒருவரும் இல்லை. சர்க்கரை திருடும் சமையல்காரனாகப் பார்த்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

பெரியத்தை விஷயத்தில் மட்டும் மரியாதை கிடையாது, ஏனென்றால் அதில் ரகசியமே கிடையாது. சாரதாவின் வளையலைப் பெரியத்தை ஒளித்து வைத்த வாரத்தில், காய்கறிக் கடைக்காரர் மங்கையர்க்கரசிக்குக் கறிவேப்பிலை கொடுக்கவில்லை. கடிதத்தைக் கிழித்த வாரத்தில், குழாயடியில் அவள் குடத்துக்கு முன்னால் நாலு குடம் புகுந்தது. அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு, வரிசையில் கடைசிக்குப் போய் நின்றாள். செய்யாத காரியத்துக்குச் சமாதானம் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. செய்த காரியத்துக்கே அவள் சொன்னதில்லை.

அப்படியே போயிருக்கும். ஆனால் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வானொலியில் ஒருத்தி பேசாமலிருந்தால் அவள் அங்கே இல்லை. மற்றவர்கள் பேசும்போது பெரியத்தை எங்கே போனாள், எங்கே சாப்பிட்டாள், எந்தப் பாயில் படுத்தாள் என்று பதினோரு வருஷத்தில் ஒருவரும் யோசித்ததில்லை. டி.வி. கேமராவுக்கு அந்த நாசூக்குப் போதாது. அது, ஆள் பேசி முடித்த பிறகும் போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை நாடகத்தில் எல்லோரும் மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள். பெரியத்தை அடுக்களைக்கு வந்தாள். குழம்புச் சட்டியைத் திறந்தாள், காலியாக இருந்தது. அதில் கொஞ்சம் வெந்நீரை ஊற்றி, சுற்றி அலசி, அந்தத் தண்ணீரைச் சோற்றில் விட்டுப் பிசைந்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நாலு நிமிஷம். ஒரு வசனம் இல்லை. பூங்காவில் முந்நூற்றுச் சொச்சம் பேரும் மங்கையர்க்கரசி சாப்பிடுவதைப் பார்த்தார்கள். அவள் விரல் நுனியால் சோற்றை ஒதுக்குவதையும், நடுவில் ஒருதரம் வாசல் பக்கம் காதைக் கொடுத்துவிட்டு மறுபடி குனிவதையும் பார்த்தார்கள். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நிஜ மங்கையர்க்கரசிக்கு மெல்லிய வீணைச் சத்தம் மட்டும் கேட்டது. கூட்டம் ஏன் இருமாமல் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் பதினோரு தூக்குவாளிகள் வந்தன. அவியல், சொதி, வத்தக்குழம்பு, மறுபடியும் அவியல்.

"எனக்குச் சமைக்கத் தெரியும்," என்று அவள் வந்தவர்களிடம் சொன்னாள்.

"தெரியும்மா. சும்மா, கூட செஞ்சோம்," என்று அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள்.

பத்து வாளிகளைத் திருப்பி அனுப்பினாள். பதினோராவதில் சொதி இருந்தது, அதை வாங்கிக்கொண்டாள். அன்றையிலிருந்து தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் "சாப்பிட்டாச்சா மதினி?" என்றார்கள். பதினோரு வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வியை ஒரே நாளில் முப்பது பேர் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். எல்லோருக்கும் ஒரே தொனியில் "ஆச்சு" என்றாள். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது, பாத்திரம் கழுவிக்கொண்டே, அந்த 'ஆச்சு'வை இன்னும் கொஞ்சம் இணக்கமாகச் சொல்ல முடியுமா என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்ததைக் கோமு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். கேட்டதை அவள் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பூங்காவில் புது நீரூற்று கட்டி முடிந்தது. அதைத் திறந்துவைக்கப் பெரியத்தையாக நடிக்கும் சௌந்தரவல்லியையே அழைப்பது என்று பேரூராட்சித் தலைவர் முடிவு செய்தார். வானொலியில் பதினோரு வருஷம் அந்தக் குரலைக் கொடுத்ததும் அதே அம்மாள்தான். சென்னையிலிருந்து சம்மதக் கடிதம் வந்தது. குறித்த நாள் காலையில் தலைவர், மெம்பர்கள், நாதஸ்வரம், தவில், ஆளுயர மாலை எல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்றன. குங்குமத் தட்டைப் பிடிக்க மங்கையர்க்கரசியை நிறுத்தியிருந்தார்கள்.

பஸ் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஊர் முழுக்க எதிர்பார்த்த முகம் இறங்கவில்லை. இறங்க முடியாது, அது குங்குமத் தட்டோடு கீழே நின்றுகொண்டிருந்தது. பஸ் போய்விட்டது. தவில்காரர் தலைவரைப் பார்த்தார். தலைவர் அழைப்பிதழை எடுத்துப் படித்தார். 'பெரியத்தைக்கு மாலை அணிவித்தல்' என்று தெளிவாக அச்சடித்திருந்தது. அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அதிகாரபூர்வமான ஒரு தீர்மானத்தோடு திரும்பி, மாலையை மங்கையர்க்கரசியின் கழுத்தில் போட்டார். மேளம் கொட்டியது. எல்லோரும் நிம்மதியாகக் கை தட்டினார்கள்.

மாலைக்குள்ளிருந்து மங்கையர்க்கரசி எதிரே இருந்த சோடாக் கடையைப் பார்த்தாள். பருத்திச் சேலையும் தோள்பையுமாக ஒரு தடித்த பெண்பிள்ளை பன்னீர் சோடா குடித்துக்கொண்டு கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். வலது தாடையில் மிளகு அளவு மச்சம். மங்கையர்க்கரசி தட்டைக் கோமுவின் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைத் தாண்டினாள்.

"நீங்கதான அந்தம்மா?"

சௌந்தரவல்லி திடுக்கிட்டுச் சோடாவைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, கிசுகிசுப்பாக, "சத்தமா சொல்லாதீங்கோ," என்றாள். கிசுகிசுப்பில் எல்லோர் குரலும் ஒன்றுதான். சோடாக் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பஸ்ஸை விட்டு இறங்கினதுலேருந்து இங்க நிக்கறேன். ஒருத்தர்கூட என்னைத் திட்டலை. இது என்ன ஊரு?"

"மத்த ஊருல திட்டுவாங்களா?"

"எங்க தெருவுல காய்க்காரர் எனக்குன்னு அழுகின தக்காளியா எடுத்து வெச்சிருக்கார். போன வாரம் பஸ்ஸுல ஒரு அம்மா, அந்தப் பொண்ணுக்கு ஏன் மருந்து கொடுக்கலேன்னு கேட்டுக் கையைக் கிள்ளிட்டா. பாருங்கோ." முழங்கைக்கு மேலே நீலம் பாரித்திருந்தது.

"இங்க ஒங்களுக்குப் பதிலா என்னயத் திட்டுதாங்க," என்றாள் மங்கையர்க்கரசி.

சௌந்தரவல்லி அவளுடைய மாலையைப் பார்த்தாள், பின்னால் காத்திருந்த மேளத்தைப் பார்த்தாள். மெல்ல மெல்ல விஷயம் புரிந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. சிரிப்பு வந்ததாலும் இருக்கலாம். "நான் ஒரு நாலு நாள் உங்க ஊர்ல இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அப்படி, நீரூற்றை மங்கையர்க்கரசி திறந்துவைத்தாள். நடிகையோ அவள் வீட்டில் மதுரைப் பக்கத்துச் சொந்தமாகத் தங்கினாள். வாயைத் திறந்தால் ஊர் கண்டுபிடித்துவிடும் என்பதால், வந்திருப்பவள் மௌன விரதம் என்று மங்கையர்க்கரசி அறிவித்தாள். சௌந்தரவல்லி காய்கறிக் கடைக்குப் போய் விரலால் காட்டித் தக்காளி வாங்கினாள். ஒன்றுகூட அழுகல் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். குழாயடியில் விரதக்காரி என்று முதல் குடம் அவளுக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் கிசுகிசுப்பாகப் பேசித் தீர்ப்பாள். பேச்சுக்கு நடுவில் மங்கையர்க்கரசி ஒருநாள் கேட்டாள்:

"அந்தக் குரல எங்கேருந்து எடுத்தீங்க?"

"எனக்குக் குழந்தையில்லை. வீட்டுக்காரரோட அக்கா எதுக்கெடுத்தாலும் அதைச் சொல்லிக் காட்டுவா. அவ குரல்தான். பதினோரு வருஷமா அவளைத் திட்டிக்கறதா நினைச்சு நடிச்சேன். போன வருஷம் அவ செத்துப்போனா. அந்தச் சோறு சாப்பிடற காட்சி எடுத்தப்பதான், அவ சாப்பிட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லையேன்னு தோணித்து."

மங்கையர்க்கரசி அவள் இலையில் இன்னொரு அகப்பை சொதி விட்டாள்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. ஏதோ விளையாட்டுப் போட்டி நீண்டுபோனதில், நாடகம் பத்து நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது. சாரதா பிரசவ வலியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரம் எட்டு அடித்தது. மங்கையர்க்கரசி எழுந்து பெட்டியை அணைத்துக் கூண்டைப் பூட்டினாள். கூட்டம் முனகிக்கொண்டு எழுந்தது. வார்டு மெம்பர் சுடலைமுத்து மட்டும் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். மூன்று மாதமாகச் சமையல்காரனாக இருந்த கசப்பு அவருக்கு.

"ஒரு பிள்ளை பொறக்கதக்கூடப் பாக்க விடமாட்டியா நீ? ஊரு சரியாத்தான் பாத்திருக்கு. புருஷன முழுங்கினவதான நீ."

  மங்கையர்க்கரசி கீழுதட்டை மடிக்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நீரூற்றைப் பார்த்தாள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, பதினோரு வருஷமாக அந்த ஊர் கேட்டு நடுங்கிய குரல், ஒலிபெருக்கி இல்லாமல், பெட்டி இல்லாமல், எழுந்தது.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு, கேப்போம்."

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். மௌன விரதக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"யாரு யாரை முழுங்கினா? கம்பத்துல ஏறி உங்களுக்காக ஒயர் கட்டப் போய் அந்த மனுஷன் விழுந்தார். அவர் விழுந்த இடத்துலயே உட்கார்ந்து பதினோரு வருஷமா இவ உங்களுக்குக் கதை திறந்துவிட்டிருக்கா. அதை முழுங்கி ஏப்பம் விட்டது யாரு? சாரதாவுக்குக் குழந்தை செவ்வாய்க்கிழமை பிறக்கும். பெண் குழந்தை. எடுத்தாச்சு. போய்ப் படுங்கோ எல்லாரும்."

சுடலைமுத்து வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில், நாடகத்துச் சமையல்காரன் சொல்வது போலவே, "சரிங்கம்மா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலைப் பஸ்ஸுக்கு சௌந்தரவல்லியை வழியனுப்ப ஊரே வந்தது. சிலர் கையெழுத்து வாங்கினார்கள், ஒரு பாட்டி அவளை லேசாகக் கிள்ளினாள். மங்கையர்க்கரசி ஒரு பை தக்காளி கொடுத்தாள். "வரட்டுமா," என்றாள் நடிகை, இப்போது முழுக் குரலில். மங்கையர்க்கரசி தலையை மட்டும் ஆட்டினாள்.

செவ்வாய்க்கிழமை சாரதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலை எட்டிப் பார்த்த பெரியத்தைக்குத் தாடையில் மச்சம் இருந்தது. முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் இருந்தது. குரலையும் முகத்தையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்ட பிறகு பழைய முகத்தை யாராலும் மாட்டிவைக்க முடியவில்லை. சாரதாக்கள் மட்டும் முன்போலவே அவரவர் சாரதாக்களாக இருந்தார்கள்.

குழாயடியில் மங்கையர்க்கரசியின் குடம் அதற்குரிய இடத்தில் நின்றது. கறிவேப்பிலை தவறாமல் கிடைத்தது. சிறுமிகள் அவளைக் கண்டு ஓடவில்லை. தூக்குவாளிகளும் வரவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டவர்கள் முப்பதிலிருந்து பத்தாகி, நாலாகி, பிறகு கோமு மட்டும் கேட்டாள். ஊர் அவளிடம் ஒரு குறையும் வைக்கவில்லை, பார்ப்பதைத்தான் நிறுத்திவிட்டது. இரண்டு வாரம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. மூன்றாவது வாரம், பிடுங்கிய பல்லின் இடத்துக்கு நாக்கு போய்ப் போய்த் திரும்புவது போல, நாடகம் நடக்கும்போது அவள் கழுத்து அடிக்கடி கூட்டத்தின் பக்கம் திரும்பியது. கூட்டம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்ப ஒனக்கு யாரு தெரியுது?" என்று கோமுவிடம் கேட்டாள்.

"அந்த மச்சக்காரம்மாதான், யக்கா. நான் கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாத்தேன். வரமாட்டேங்கீங்க நீங்க."

"நான் ஒண்ணும் கேக்கல," என்றாள் மங்கையர்க்கரசி.

அந்த வெள்ளிக்கிழமை அவள் இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், பெண்கள் பக்கம், கோமுவுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தாள். நாடகத்தில் எல்லோரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார்கள். பெரியத்தை கூடத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கேமரா அவள் கையிலிருந்து மெல்ல மேலே ஏறியது. அந்த வகிடு. அந்த மூக்கு. மடிந்த கீழுதடு, தையல் பிரிந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது இருக்கிற முகமாக இல்லை அது. கண்ணாடிக்கு நாம் ஆயத்தமாகித்தான் போகிறோம். யாரும் பார்க்கவில்லை என்று இருக்கிற முகம். மங்கையர்க்கரசி அதை இதுவரை பார்த்ததில்லை. காதோரத்தில் இவ்வளவு நரைத்திருக்கிறதா என்று கை தானாக அங்கே போயிற்று. பெரியத்தை துணியை மடித்து முடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். மங்கையர்க்கரசி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமு அவள் முகத்தைக் கவனித்துவிட்டாள். பக்கத்தில் குனிந்து, "யக்கா, ஒங்களுக்கு யாரு தெரியுது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்ச பொம்பளதான்," என்றாள் மங்கையர்க்கரசி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோவக்காரி. மத்தபடி மோசமில்ல," என்றாள்.